எலும்புக்குப் போன மார்பகப் புற்று ஏன் எலும்புப் புரதம் செய்கிறது?

தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் மார்பகப் புற்றுக்கு ஆபரேஷன், கீமோ, கரண்ட் (கதிர்வீச்சு) எல்லாம் முடித்து, சில வருடங்கள் நன்றாக இருந்த ஓர் அம்மாவுக்கு முதுகெலும்பில் மறுபடி நோய் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். "மார்புல இருந்த கட்டியத்தான் எடுத்தாச்சே, இது என்ன புதுசா எலும்புப் புற்று?" டாக்டர் சொல்லும் பதில் சுருக்கமானது: புதுசு இல்லை, அதே மார்பகப் புற்றுதான், எலும்புக்கு வந்திருக்கிறது. வெளியே அத்தனை பேர் காத்திருக்கும் ஓ.பி.யில் அதற்கு மேல் விளக்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை. ஆனால் அந்தப் பதிலுக்குப் பின்னால் இருக்கும் உயிரியல் தெரிந்தால், அடுத்து ஏன் இந்த ஊசி, ஏன் இந்த ரத்தப் பரிசோதனை, ஏன் பல் டாக்டரைப் பார்க்கச் சொல்கிறார்கள் என்பதெல்லாம் புரியும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எலும்பிலிருந்து எடுத்த சதைத் துண்டை நுண்ணோக்கியில் பார்த்தால் அங்கே இருப்பது மார்பகத்திலிருந்து வந்த செல்தான். பெரும்பாலும் அதன் அடையாளங்கள் அப்படியே இருக்கும். ஆனால் அதே செல்லில், மார்பகத்துக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத சில புரதங்களும் இருக்கலாம். போன் சியாலோபுரோட்டீன், ஆஸ்டியோபான்டின் போன்றவை. எலும்பு கட்டும் செல்கள் எலும்பு கட்டும்போது சுரக்கும் புரதங்கள் இவை. மார்பகச் செல்லுக்கு இங்கே என்ன வேலை?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். நம் உடம்பில் கரு (நியூக்ளியஸ்) உள்ள எந்தச் செல்லை எடுத்தாலும் ஏறக்குறைய முழு மரபணுத் தொகுதியும் அதில் இருக்கும். மார்பகச் செல்லிலும் எலும்புப் புரதத்துக்கான மரபணு இருக்கிறது, கண்ணின் செல்லிலும் இருக்கிறது. இருக்கிறதே தவிர, அங்கே அது வாசிக்கப்படுவதில்லை, அதாவது அதிலிருந்து புரதம் செய்யப்படுவதில்லை. எந்த மரபணு எந்த இடத்தில் வாசிக்கப்படும் என்பதுதான் ஒரு செல்லை மார்பகச் செல்லாகவும் இன்னொன்றை எலும்புச் செல்லாகவும் ஆக்குகிறது. புற்றில் இந்த ஒழுங்கு தளர்ந்துவிடுகிறது. எலும்புக்குள் வந்த பிறகு அதை இன்னும் தளர்த்துவது யார் என்று பார்த்தால், எலும்பே சேர்த்து வைத்திருக்கும் வளர்ச்சிக் காரணிகள்தான், அதாவது செல்களுக்கு வளர், மாறு என்று செய்தி சொல்லும் புரதங்கள்.

எலும்பைப் பலரும் உயிரில்லாத, கெட்டியான ஒரு பொருளாகத்தான் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வயது வந்தவர் உடம்பில் ஒரு வருடத்தில் சுமார் 10 விழுக்காடு எலும்பு கரைக்கப்பட்டுப் புதிதாகக் கட்டப்படுகிறது. கரைப்பவை ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள், கட்டுபவை ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள். கட்டும் செல்கள் முதலில் கொல்லாஜன் நார்களைப் பின்னி, மற்ற எலும்புப் புரதங்களையும் கலந்து வைக்கும். அதன் மேல் கால்சியம், பாஸ்பேட் படிகங்கள் ஏறும். அப்படிக் கட்டும்போது கூடவே வளர்ச்சிக் காரணிகளும் உள்ளே புதைந்துபோகின்றன. டி.ஜி.எஃப்-பீட்டா, இன்சுலினைப் போன்ற ஐ.ஜி.எஃப், எஃப்.ஜி.எஃப்-2, பி.எம்.பி. எல்லாமே இப்படி உள்ளே போனவைதான். உடம்பிலேயே டி.ஜி.எஃப்-பீட்டா அதிகமாகச் சேர்ந்திருப்பது எலும்பில்தான். பி.எம்.பி. என்ற காரணி கண்டுபிடிக்கப்பட்டதும் எலும்பிலிருந்துதான். 1965-ல் அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட் தாது நீக்கிய எலும்புத் துண்டைத் தசைக்குள் வைத்துப் பார்த்தார், அங்கே புது எலும்பு உருவானது.

டி.ஜி.எஃப்-பீட்டா எலும்புக்குள் செயலற்ற நிலையில் இருக்கிறது. தன்னுடன் ஒட்டிய இன்னொரு புரதம் அதை மூடியிருக்கும். ஆஸ்டியோகிளாஸ்ட் எலும்பைக் கரைக்க அமிலமும் நொதிகளும் சுரக்கும்போது அந்த மூடல் விலகி, காரணி விடுபடுகிறது. நல்ல எலும்பில் இது அருமையான ஏற்பாடு. கரைந்த இடத்துக்குக் கட்டும் செல்களை வரவழைப்பதில் இதற்குப் பங்கு உண்டு. பக்கத்தில் ஒரு புற்றுசெல் உட்கார்ந்திருந்தால்தான் ஆபத்து. அதே காரணி அதற்கும் கிடைக்கிறது.

1889-ல் லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட், மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை அலசினார். ரத்த ஓட்டம் எல்லா உறுப்புக்கும்தான் போகிறது, ஆனால் நோய் எல்லா இடத்திலும் சமமாகப் பரவவில்லை, எலும்பிலும் கல்லீரலிலும் அதிகம் என்று கண்டார். விதை எங்கும் விழும், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்ற அவருடைய உவமை மருத்துவத்தில் நிலைத்துவிட்டது. காவிரிக் கரையில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. ஒரே மூட்டையில் எடுத்த சம்பா விதை கல்லணைக்குக் கீழே வண்டலில் எப்படி வரும், வேதாரண்யம் பக்கம் உப்பேறிய மண்ணில் எப்படி வரும் என்று தெரியாதவர்கள் இங்கே யார்? பேஜட்டுக்குத் தெரியாமல் போனது, எலும்பு என்ற மண் தனக்குள் விழுந்த விதையையே மாற்றுகிறது என்பது. அது தெரிய இன்னும் நூறு வருடம் ஆனது.

1987-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் ஆய்வாளர்கள் நுரையீரல் புற்றுசெல்லிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றும் பாராதைராய்டு ஹார்மோனைப் போன்றது என்பதால் அதற்கு பி.டி.எச்.ஆர்.பி. என்று பெயர். எலும்புக்கு வந்த மார்பகப் புற்றுசெல்கள் இதை நிறைய சுரக்கின்றன. இது எலும்பு கட்டும் செல்லைத் தூண்டி ராங்க்-எல் என்ற புரதத்தை வெளிக்கொண்டு வருகிறது. ராங்க்-எல் எலும்பு கரைக்கும் செல்களை முதிரச் செய்கிறது. அவை எலும்பைக் கரைக்க, உள்ளிருக்கும் டி.ஜி.எஃப்-பீட்டா வெளியே வருகிறது. அந்தக் காரணி புற்றுசெல்லுக்குப் போய் இன்னும் அதிக பி.டி.எச்.ஆர்.பி. சுரக்க வைக்கிறது. புற்றுசெல் தானாக எலும்பைத் தின்பதில்லை என்பதைக் கவனியுங்கள். எலும்பின் சொந்தச் செல்களைக் கொண்டே கரைக்க வைக்கிறது. 1999-ல் வெளியான ஒரு எலி ஆய்வில், மார்பகப் புற்றுசெல்கள் டி.ஜி.எஃப்-பீட்டாவை உணர முடியாதபடி அவற்றின் ஏற்பியை, அதாவது செல்லின் மேல் அந்தக் காரணியைப் பிடிக்கும் புரதத்தை, செயலிழக்கச் செய்தார்கள். எலும்புச் சேதம் குறைந்தது. அப்படியானால் இந்தச் சுழலில் டி.ஜி.எஃப்-பீட்டாவுக்கு நேரடியான பங்கு இருக்கிறது.

சரி, வெளியே மிதக்கும் ஒரு காரணி உள்ளே கருவில் இருக்கும் மரபணுவை எப்படி எட்டுகிறது? கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

டி.ஜி.எஃப்-பீட்டா செல்லுக்குள் நுழைவதில்லை. செல்லின் மேல் சவ்வில் இருக்கும் இரண்டு வகை ஏற்பிகளை ஒன்று சேர்க்கிறது. சேர்ந்த ஏற்பி, உள்ளே இருக்கும் ஸ்மாட்-2, ஸ்மாட்-3 என்ற புரதங்களில் பாஸ்பேட்டை ஏற்றி அவற்றை இயக்குகிறது. அவை ஸ்மாட்-4-உடன் கூடிக் கருவுக்குள் போகின்றன. பி.எம்.பி. வந்தாலும் இதே பாணிதான், ஆனால் ஸ்மாட்-1, 5, 8 என்ற வேறு மூவர். எஃப்.ஜி.எஃப்-2-இன் வழி வேறு. அதன் ஏற்பி டைரோசின் கைனேஸ் வகை, அதாவது தானே பாஸ்பேட் ஏற்றும் நொதி. அது ராஸ் என்ற புரதத்தை இயக்கும்; பிறகு எம்.ஏ.பி. கைனேஸ் வரிசையில் உள்ள நொதிகள் ஒன்றுக்கொன்று பாஸ்பேட் ஏற்றிக்கொண்டே செய்தியைக் கருவரை கொண்டுபோகும்.

கருவுக்குள் போனதும் எங்கே உட்காருவது? ஒவ்வொரு மரபணுவுக்கும் தொடக்கத்துக்கு முன்னால் ஒரு டி.என்.ஏ. நீளம் இருக்கிறது. ஊக்குவிப்புப் பகுதி என்பார்கள். மரபணு வாசிக்கப்பட வேண்டுமா, எவ்வளவு வாசிக்கப்பட வேண்டும் என்பது பெரும்பாலும் அங்கே வந்து ஒட்டும் புரதங்களைப் பொறுத்தது. போன் சியாலோபுரோட்டீன் மரபணு மனிதரில் 4-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. ஆஸ்டியோபான்டின் உட்பட இன்னும் நான்கு சொந்தக்கார மரபணுக்கள் அதன் பக்கத்திலேயே இருக்கின்றன. இதன் ஊக்குவிப்புப் பகுதி சுவாரசியமானது. பல மரபணுக்களில் காணும் டாட்டா, சி.சி.ஏ.ஏ.டி. என்ற டி.என்.ஏ. எழுத்து வரிசைகள் இரண்டும் இதில் திரும்பிய நிலையில் இருக்கின்றன. அவற்றோடு சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற, செல்லுக்குள் செய்தி கடத்தும் சிறு மூலக்கூறுக்குப் பதில் தரும் ஓர் இடம், எஃப்.ஜி.எஃப்-2-க்குப் பதில் தரும் ஓர் இடம், டி.ஜி.எஃப்-பீட்டாவுக்குப் பதில் தரும் ஓர் இடம் என்று சில நூறு எழுத்துகளுக்குள் எல்லாம் அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஊக்குவிப்புப் பகுதியை மட்டும் தனியே வெட்டி எடுத்து, மின்மினிப் பூச்சியின் ஒளி தரும் மரபணுவுக்கு முன்னால் ஒட்டுகிறார்கள். அதை எலும்புப் புற்றுசெல்லுக்குள் செலுத்துகிறார்கள். எலியின் எலும்புப் புற்றிலிருந்து வந்த ஆர்.ஓ.எஸ். 17/2.8 என்ற செல் வரிசை இந்த வேலையில் அதிகம் பயன்பட்டது. செல்கள் வளரும் தட்டில் ஒரு மில்லிலிட்டருக்குச் சில நானோகிராம் அளவில் வளர்ச்சிக் காரணியை விடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு அது. சில மணி நேரம் கழித்துச் செல்களை உடைத்து, ஒளிர்வதற்கான வேதிப்பொருளைச் சேர்த்து, வரும் ஒளியைக் கருவியில் அளக்கிறார்கள். காரணி விடாத தட்டைவிட அதிக ஒளி வந்தால், அந்த ஊக்குவிப்புப் பகுதி காரணியின் பேச்சைக் கேட்டிருக்கிறது. அப்புறம் ஓர் இடத்தில் இரண்டு மூன்று எழுத்துகளை மாற்றிவிட்டு மறுபடி செய்வார்கள். ஒளி ஏறாமல் போனால், பதில் தந்த இடம் அதுதான். இப்படி ஒவ்வோர் இடமாக மாற்றி மாற்றித்தான் ஜப்பானியக் குழுக்கள் டி.ஜி.எஃப்-பீட்டா, எஃப்.ஜி.எஃப்-2 இரண்டுமே இந்தச் செல்களில் போன் சியாலோபுரோட்டீன் மரபணு வாசிக்கப்படுவதைக் கூட்டுகின்றன என்று காட்டின. பொறுமையான வேலை. இந்த வேலை இல்லாமல் ஊக்குவிப்புப் பகுதியைப் பற்றி மேலே சொன்ன எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

இந்தக் கதையில் இன்னொரு முக்கியமான புரதம் ரன்எக்ஸ்-2. டி.என்.ஏ.யில் ஒட்டி மரபணுக்களை இயக்குவது அதன் வேலை. 1997-ல் அதற்கான மரபணு இல்லாமல் பிறந்த எலிக் குட்டிகளைப் பார்த்தார்கள். குருத்தெலும்பு இருந்தது, கெட்டி எலும்பு இல்லவே இல்லை. எலும்பு கட்டும் செல் உருவாக வேண்டுமென்றால் ரன்எக்ஸ்-2 இருந்தே ஆக வேண்டும். எலும்புக்குப் பரவும் தன்மையுள்ள மார்பகப் புற்றுசெல்களிலும் இது அதிகமாக இருக்கிறது. அந்தச் செல்களில் போன் சியாலோபுரோட்டீன் வெளிப்படுவதில் ரன்எக்ஸ்-2-க்குப் பங்கு உண்டு என்று 2003-ல் காட்டினார்கள். ஸ்மாட் புரதங்கள் தனியாக டி.என்.ஏ.யில் அவ்வளவு உறுதியாக ஒட்டாது. ரன்எக்ஸ்-2 போன்ற துணை இருந்தால்தான் வேலை நடக்கும். 2005-ல், கருவுக்குள் சரியான இடத்துக்குப் போக முடியாதபடி ரன்எக்ஸ்-2-ஐ மாற்றிய புற்றுசெல்களை எலியின் எலும்பில் வைத்துப் பார்த்தார்கள். எலும்பு கரைவது தடைபட்டது.

எல்லாவற்றையும்விட என்னை யோசிக்க வைத்த முடிவு 2001-இல் வந்தது. சாதாரண எலும்பு கட்டும் செல்லில் டி.ஜி.எஃப்-பீட்டா வந்தால், ஸ்மாட்-3 ரன்எக்ஸ்-2-ஐ அடக்குகிறது. ஆஸ்டியோகால்சின் என்ற எலும்புப் புரதத்தின் மரபணு குறைவாக வாசிக்கப்படுகிறது. அதாவது நல்ல செல்லில் கட்டுப்பாடாக வேலை செய்யும் கூட்டணிதான் புற்றுசெல்லில் வேறு மரபணுக்களைத் தூண்டுகிறது. காரணி மாறவில்லை, ஏற்பி மாறவில்லை. கருவுக்குள் யார் யார் கூட இருக்கிறார்கள் என்பது மாறிவிட்டது. "வளர்ச்சிக் காரணி" என்று கேட்டதும் எல்லா இடத்திலும் வளர்ச்சிதான் என்று நினைத்துக்கொள்வதில் உள்ள தப்பு இதுதான். டி.ஜி.எஃப்-பீட்டா ஆரம்ப நிலையில் பல கட்டிகளின் வளர்ச்சியைத் தடுக்கக்கூடச் செய்கிறது; முற்றிய நிலையில்தான் அதன் முகம் மாறுகிறது.

எலும்புப் புரதம் செய்வதால் புற்றுசெல்லுக்கு என்ன லாபம்? போன் சியாலோபுரோட்டீனின் உடலில் குளுட்டமிக் அமிலம் வரிசையாகக் கோத்திருக்கும் பகுதிகள் உண்டு. அவை எலும்பின் தாதுப் படிகத்தை நன்றாகப் பற்றிக்கொள்ளும். இன்னொரு முனையில் மூன்று அமினோ அமிலங்கள் கொண்ட சிறு வரிசை, செல்லின் மேல் சவ்வில் பிடிப்புக் கொக்கியைப் போல இருக்கும் இன்டெக்ரின் புரதத்தோடு ஒட்டும். ஒரு பக்கம் எலும்பு, மறுபக்கம் செல். புற்றுசெல் எலும்பில் நிலைத்து நிற்க இது உதவும் என்று கருதப்படுகிறது. 1994-ல் பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இன்னும் மார்பகத்திலேயே இருக்கும் கட்டிகளிலும் இந்தப் புரதத்தைக் கண்டார்கள். மேமோகிராமில் சுண்ணாம்புப் பொடி தூவியதைப் போலத் தெரியும் நுண்ணிய வெள்ளைப் புள்ளிகளில் ஒரு வகை, எலும்பில் உள்ள அதே ஹைட்ராக்சிஅபடைட் படிகம். 1996-ல் அவர்களே, முதல் கட்டியில் இந்தப் புரதம் அதிகம் இருந்தவர்களுக்குப் பின்னால் எலும்பில் நோய் வருவதோடு தொடர்பு இருக்கிறது என்று எழுதினார்கள். எலும்புக்குப் போவதற்கு முன்பே சில செல்கள் எலும்பு மரபணுக்களை வாசிக்கத் தொடங்கிவிட்டன என்று இதைப் புரிந்துகொள்ளலாம். எலும்பின் காரணிகள் அதைப் பலப்படுத்துகின்றன.

ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் புற்றும் எலும்பைத் தேடிப் போவதுதான். ஆனால் எக்ஸ்ரேயில் எலும்பு கரைந்து ஓட்டையாகத் தெரியாமல், பெரும்பாலும் அடர்த்தியாக வெள்ளையாகத் தெரியும். அங்கே கட்டும் செல்களைத் தூண்டுவது மேலோங்குகிறது. அப்படிக் கட்டிய எலும்பு ஒழுங்கில்லாதது, கெட்டியாகத் தெரிந்தாலும் உடையும். புராஸ்டேட் செல்கள் எலும்புச் செல்லைப் போலவே நடந்துகொள்வதைப் பற்றித்தான் 1999-ல் ஓர் ஆய்வுக் குழு முதலில் விரிவாக எழுதியது.

எலும்பிலேயே தொடங்கும் ஆஸ்டியோசார்கோமா முற்றிலும் வேறு நோய். பெரும்பாலும் வளரும் பிள்ளைகளுக்கு, முழங்காலை ஒட்டி வரும். கபடி ஆடி அடிபட்டது என்று நினைத்து எண்ணெய் போட்டு நீவுவதும் கட்டுப் போடுவதும் நம் பக்கம் சாதாரணம். வாரக்கணக்கில் குறையாத வலியும் வீக்கமும் இருந்தால் நீவவே கூடாது, முதலில் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

சிகிச்சைக்கு வருவோம். டி.ஜி.எஃப்-பீட்டாவை நேராகத் தடுத்தால் போதாதா என்று கேட்கலாம். அது உடம்பில் நோயெதிர்ப்பு, காயம் ஆறுவது என்று பல இடங்களில் தேவைப்படுகிறது. ஆரம்பக் கட்டிகளை அடக்கியும் வைக்கிறது. அதனால் அதைத் தடுக்கும் மருந்து எலும்புக்குப் பரவிய நோய்க்கு வழக்கமான சிகிச்சையாக ஆகவில்லை. அதற்குப் பதிலாக எலும்பு கரைவதை நிறுத்துகிறார்கள். கரையாவிட்டால் காரணி வெளியே வராது. சோலெட்ரானிக் அமிலம் 4 மில்லிகிராம், குறைந்தது 15 நிமிடம் நரம்பில் ஏற்றும் மருந்து. இது எலும்பில் படிந்து, கரைக்கும் செல்களை முடக்கும். டெனோசுமாப் ராங்க்-எல்லைப் பிடித்துவைக்கும் எதிர்ப்புரதம், அமெரிக்காவில் 2010-ல் அனுமதி கிடைத்தது. தோலுக்கடியில் போடும் ஊசி. இரண்டும் புற்றுசெல்லைக் கொல்வதற்கான மருந்து இல்லை, அதற்கு ஹார்மோன் மாத்திரை, கீமோ என்று தனியே நடக்கும். "எலும்புக்கு ஊசி போடுறாங்க, கேன்சருக்கு ஒண்ணும் பண்ணலையே" என்று உழவன் எக்ஸ்பிரஸில் அடையாறு போய்வரும் குடும்பங்கள் வருத்தப்படுவதைக் கேட்டிருக்கிறேன். எலும்பைக் கவனிப்பது சிகிச்சைக்கு வெளியே இருக்கும் வேலை இல்லை. முறிவையும் வலியையும் அதுதான் குறைக்கிறது. ஒரே இடத்தில் வலி கடுமையாக இருந்தால் ஒரே தடவை 8 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கரண்ட் வைப்பதே பலருக்கு நல்ல நிவாரணம் தரும்.

இந்த ஊசிகளுக்கு முன்னால் பல்லைக் காட்டச் சொல்வார்கள். எலும்பு புதுப்பிக்கப்படுவது நின்றுபோவதால், பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் செத்துப்போகும் அபாயம் கொஞ்சம் இருக்கிறது. கும்பகோணம் வெற்றிலையும் சீவலும் நாள் முழுக்க வாயில் இருக்கும் நம் பாட்டிமார்களுக்கு ஆடும் பல், சீழ் பிடித்த ஈறு சகஜம். பிடுங்க வேண்டிய பல்லை ஊசி தொடங்குவதற்கு முன்பே பிடுங்கி, ஆறிய பிறகு போவதுதான் சரி. சோலெட்ரானிக் அமிலத்துக்குச் சிறுநீரகமும் நன்றாக இருக்க வேண்டும். மெடிக்கலில் வாங்கிப் போடும் வலி மாத்திரைகளைப் பற்றி டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியது அதனால்தான்.

நடவிலும் களையெடுப்பிலும் குனிந்தே நின்ற பெண்களுக்கு முதுகுவலி எப்போதும் இருப்பதுதான். அதனால்தான் இந்த ஊரில் இந்த நோய் எளிதில் ஒளிந்துகொள்கிறது. ஏற்கெனவே மார்பகப் புற்றுக்குச் சிகிச்சை பெற்றவருக்குப் புதிதாக வந்த முதுகுவலி, படுத்தாலும் குறையாமல் ராத்திரி அதிகமானால், வாயு என்று தைலம் தேய்த்துவிட்டு விடக் கூடாது. கால் மரத்துப்போவது, நடை தளர்வது, சிறுநீர் வராமல் போவது ஆகியவை முதுகுத் தண்டு அழுத்தப்படுவதன் அறிகுறி. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கடைசியாக, கால்சியம். எலும்பு வேகமாகக் கரைந்தாலோ பி.டி.எச்.ஆர்.பி. அதிகமாகச் சுரந்தாலோ ரத்தத்தில் கால்சியம் ஏறும். அடங்காத தாகம், மலச்சிக்கல், வாந்தி, அசதி, பேச்சில் குழப்பம் வரும். சித்திரை வெயிலில் இதைச் சூடு என்று நினைத்து இளநீரோடு நிறுத்திக்கொள்பவர்கள் உண்டு. இது அவசர நிலை, ரத்தப் பரிசோதனை ஒன்றில் தெரிந்துவிடும். இன்னொரு பக்கம், எலும்பில் புற்று என்று கேள்விப்பட்டதும் பாலையும் கேழ்வரகையும் நிறுத்திவிடும் வீடுகளும் இருக்கின்றன, கால்சியம் நோய்க்குத் தீனியாகிவிடும் என்ற பயத்தில். ஏறிய கால்சியம் பெரும்பாலும் கரையும் எலும்பிலிருந்து வருவது, டம்ளர் பாலிலிருந்து வருவதில்லை. டெனோசுமாப் போட்ட பிறகு நேர்மாறாகக் கால்சியம் குறைந்து கை கால் இழுக்கவும் வாய்ப்பு உண்டு. ரத்தத்தில் அளவு ஏற்கெனவே அதிகமாக இருந்தால் தவிர, ஊசியோடு கால்சியம் மாத்திரையும் வைட்டமின் டி-யும் எழுதிக் கொடுப்பது அதற்காகத்தான். அந்த மாத்திரையைச் சீட்டில் பார்த்ததும் பயந்து ஒதுக்கிவைக்காமல், தினமும் கொடுங்கள்.